காரின் வயிற்றில் எழுதிய வரலாறு



நான் ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் பிறந்தவன். மலாய் மொழியில் அந்தப் பெயருக்குப் பட்டம் என்றும் ஒரு பொருள் உண்டு. விளையாட்டுப் பொருளின் பெயரைக் கொண்ட ஊர்க்காரன் பொம்மைக் காரைப் பற்றிப் பேசினால் யாரும் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தோட்டத்து லயத்தில் எங்களுக்கெல்லாம் காலிப் பால்டின்தான் கார். இரும்புக் காரைக் கடைக் கண்ணாடி வழியே பார்த்ததோடு சரி.

அந்த ஏக்கம்தான் வயதான பிறகு என்னை ஏமாற்றியது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் சிறிய போர்ஷே 911 ஒன்றைக் காட்டினார். ஹாட் வீல்ஸ் கார். "அண்ணே, அடியில பாருங்க, 1974! ஐம்பது வருஷத்துப் பொருள்" என்றார். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஆண்டுக்குப் பக்கத்திலேயே 'மலேசியா' என்று இருக்கிறது. 1974-இல் ஹாட் வீல்ஸ் கார் மலேசியாவில் செய்யப்படவே இல்லையே!

இதற்கு விடை தேடப் போய்த்தான் வரலாறு படித்தேன். இந்த வகைக் கார்கள் துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சில் அழுத்தி வார்க்கப்படுபவை. அச்சு செய்யத்தான் பெரும் செலவு. ஆகவே ஒரே அச்சு ஆண்டுக்கணக்கில் உழைக்கும், நாடு விட்டு நாடும் போகும். பிரிட்டனின் டிங்கி நிறுவனத்து அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்குப் போய், 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களை வார்த்தன. அடியில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் வடிவத்துக்கு உரிமை பெற்ற ஆண்டு. கார் பிறந்த ஆண்டு அல்ல.

டிங்கி கார்கள் தொடக்கத்தில் பொம்மை ரயிலுக்குத் துணைப்பொருளாக வந்தவை. 1934-இல் அந்தப் பெயர் கிடைத்தது. 1953-இல் லெஸ்னி நிறுவனம் தீப்பெட்டி அளவு அட்டையில் மேட்ச்பாக்ஸ் கார்களைக் கொண்டுவந்தது. 1968-இல் அமெரிக்க மேட்டல் நிறுவனம் 16 கார்களோடு ஹாட் வீல்ஸை இறக்கியது. வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பி அச்சாணி, மின்னும் வண்ணம், ஓடவிட்டால் நிற்காத வேகம்! பிரிட்டிஷ் கம்பெனிகள் திணறிப் போயின. லெஸ்னி 1982-இல் நொடித்தது.

போட்டி முற்றினால் கூலி குறைந்த நாட்டைத் தேடுவதுதானே வழக்கம்? ஹாங்காங்கில் வார்த்ததை 1980களில் பினாங்குப் பக்கம், பிறைக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறிய காலம் அது. லயத்துப் பிள்ளைக்கு எட்டாத கார், நம் நாட்டுத் தொழிலாளர் கையாலேயே உலகெங்கும் போனது. சேகரிப்பாளர்கள் சிலர் 'மலேசியா' என்று பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

வாங்குகிறவர்கள் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். ஹாட் வீல்ஸில் சிவப்புக் கோடு போட்ட சக்கரம் 1977 வரைதான். என் போர்ஷேயின் சக்கரம் வெறும் கறுப்பு. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். அடுத்து, அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட். அதைத் துளைத்த தடம் இருந்தால் பிரித்து வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

போருக்கு முந்திய டிங்கி கார் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து உதிரும். நம் ஊர்ப் புழுக்கம் அதை விரைவாக்கும். இதற்கு மருந்து கிடையாது.

என் போர்ஷேயைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான் மகன். கொடுக்கவில்லை. அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அந்த நாட்டுப் பெயர் தெரியும்படி.