1981-க்கு முந்தைய புள்ளிகள்: அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் பதிவேடு குறித்து

2024 ஜனவரி 21 அன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டாரா வான்டெர்வீர் தமது 1,203-ஆவது வெற்றியைப் பெற்று, டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெவ்ஸ்கி வைத்திருந்த 1,202 வெற்றிகள் என்ற எண்ணிக்கையைக் கடந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 15 அன்று அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க், கெல்ஸி பிளம் எடுத்திருந்த 3,527 புள்ளிகளைத் தாண்டினார். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் மிக அதிகப் புள்ளி எடுத்தவர் என்று நாடே அவரைக் கொண்டாடியது. இரண்டையும் பதிவு செய்தது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஆனால் இரண்டுக்கும் அது ஒரே அளவுகோலைப் பயன்படுத்தவில்லை. வான்டெர்வீரின் கணக்கு 1978-இல் தொடங்குகிறது. கிளார்க் கடந்ததாகச் சொல்லப்பட்ட பட்டியலோ 1981-82 பருவத்துக்கு முன்னால் எதையும் ஏற்கவில்லை. அதனால் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்காக 1977 முதல் 1981 வரை ஆடி 3,649 புள்ளிகள் எடுத்த லினெட் வுட்டர்டின் பெயர் அதில் இடம்பெறவில்லை. கிளார்க் அந்த எண்ணிக்கையைக் கடந்தது பிப்ரவரி 28 அன்றுதான். இந்த இரு வாரக் குழப்பத்தை ஒரு தற்செயலான விடுபடலாகக் கொள்ள முடியாது. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் தொடக்ககாலப் புள்ளிவிவரங்கள் அழிந்துபோகவில்லை. நிர்வாகம் கைமாறியபோது ஏற்றுக்கொள்வார் இல்லாமல் விடப்பட்டன. அவற்றை உரிய குறிப்புகளோடு பொதுப் பதிவேட்டில் சேர்ப்பதே வரலாற்று முறைக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த ஆட்டத்தில் எண்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே, பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில் இருந்த ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இரண்டாமாண்டினர் 5-4 என்று வென்றனர். கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஆட்டம் 1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அணிக்கு ஒன்பது பேர். ஸ்டான்ஃபோர்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை 2-1 என்று வென்றது. அங்கும் பார்வையாளர்கள் பெண்கள் மட்டுமே. இந்த முடிவுகள் இன்று நம் கையில் இருக்கின்றன. ஆனால் யார் எத்தனை முறை கூடையில் போட்டார் என்பதை வரிசையாகச் சேர்த்துவைக்கும் ஓர் அமைப்பு அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு உருவாகவில்லை. இதற்குக் காரணம் அசட்டை மட்டும் இல்லை, ஒரு கல்விக் கொள்கையும் இருந்தது. போட்டி மனப்பான்மை பெண்களின் உடலுக்கும் இயல்புக்கும் ஒவ்வாது என்று அக்காலக் கல்வியாளர் பலர் உண்மையாகவே நம்பினர். 1923-இல் லூ ஹென்றி ஹூவரின் தலைமையில் உருவான தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பின் பெண்கள் பிரிவு, சிலர் மட்டும் நட்சத்திரங்களாக உயர்வதைவிட எல்லாரும் விளையாடுவதே நல்லது என்று வலியுறுத்தியது. பல கல்லூரி மாணவிகள் ஒரே இடத்தில் கூடி, கலந்து அணி பிரித்து ஆடும் விளையாட்டு நாள்கள் அந்தக் கொள்கையின் விளைவு. அங்கே கல்லூரியின் பெயரில் வெற்றியும் கிடையாது, தனிநபர் கணக்கும் கிடையாது. எண்கள் குறைவாக இருப்பதை ஆட்டம் எளியதாக இருந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்வோர், இந்தக் கொள்கையின் விளைவை ஆட்டக்காரர்களின் திறமைக் குறைவாகத் தவறாகப் படிக்கிறார்கள்.

கொள்கையோடு விதிகளும் சேர்ந்துகொண்டன. பெரன்சன் பதிப்பித்து 1901-இல் வெளியான பெண்கள் விதிநூல் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தது. தம் பகுதியின் கோட்டைத் தாண்டி யாரும் போகக் கூடாது. 1938-இல் மூன்று பகுதி இரண்டானது: அணிக்கு மூன்று முன்களத்தினர், மூன்று தடுப்பாளர்கள். கூடையில் பந்தை எறியும் உரிமை முன்களத்தினருக்கு மட்டுமே. ஒரு ஸ்கோர் புக்கின் பக்கத்தை இந்த விதியோடு பொருத்திப் பார்த்தால் அதன் விளைவு தெளிவாகும். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வரி. கூடையில் விழுந்ததற்கு 2 என்று ஒரு குறி. ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு சிறு வட்டம், விழுந்தால் அந்த வட்டம் நிரப்பப்படும். ஃபவுலுக்குத் தனிக் கட்டங்கள். கீழே வரிசையாக அச்சிட்ட எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும் ஓட்டக் கணக்கு. தடுப்பாளரின் வரியில் பருவம் முழுக்க ஃபவுல் கட்டம் மட்டுமே நிரம்பும். அவர்மீது ஃபவுல் நடந்தாலும் ஃப்ரீ த்ரோவை எறிவது மறுபாதியில் நிற்கும் முன்களத்துக்காரர்தான். பந்தைப் பறித்ததும், எறிதலைத் தடுத்ததும், மீண்டு வந்த பந்தைப் பிடித்ததும் எழுத அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. ஆக அணியின் சரிபாதி, விதியாலும் படிவத்தாலும், எண்ணில் அகப்படாதவர்களாகவே ஆடி முடித்தார்கள். 1960-களில் இருபாதியிலும் ஓடும் ஆட்டக்காரர் அனுமதிக்கப்பட்டார். பந்தைத் தட்டிச் செல்வதற்கான வரம்பு நீங்கியது. 1971-இல் ஐவர் ஆட்டம் அதிகாரபூர்வமானது. முழு ஆடுகளத்திலும் ஆறு பேரில் ஒருவராக இல்லாமல் ஐவரில் ஒருவராக ஒரு பெண் ஓடத் தொடங்கிய பிறகே, அவருடைய ஆட்டத்தை இன்று நாம் அறிந்த பொருளில் அளக்க முடிந்தது.

அதே 1971-இல் பெண்கள் கல்லூரி விளையாட்டைப் பெண் கல்வியாளர்களே நடத்தும் சங்கமான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பிறந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் 1972 ஜூனில் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே அச்சங்கத்தின் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்து முடிந்திருந்தது. பென்சில்வேனியாவின் சிறிய கத்தோலிக்கக் கல்லூரியான இம்மாக்குலாட்டா, வெஸ்ட் செஸ்டரை 52-48 என்று வென்றது. அடுத்த பத்தாண்டுகளில் நிகழ்ந்தவை சாதாரணமானவை அல்ல. மான்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரியின் கேரல் பிளேசியோவ்ஸ்கி 1977 மார்ச்சில் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஒரே ஆட்டத்தில் 52 புள்ளிகள் எடுத்தார். 1977-78 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 38.6. யு.சி.எல்.ஏ.வின் ஆன் மேயர்ஸ் 1978 பிப்ரவரியில் ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டினுக்கு எதிராக 20 புள்ளிகள், 14 ரீபவுண்டுகள், 10 அசிஸ்டுகள், 10 ஸ்டீல்கள் என நான்கிலும் இரட்டை இலக்கம் தொட்டார். இத்தனைக்கும் நாடு தழுவிய செய்தி ஏற்பாடு ஒன்று அப்போது இல்லை. தரவரிசை வேண்டும் என்று 1976-இல் பிலடெல்ஃபியா இன்குவயரர் நாளிதழின் மெல் கிரீன்பெர்க் பயிற்சியாளர்களிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வாராந்தரப் பட்டியலைத் தொகுத்தார். ஆண்கள் ஆட்டத்துக்கு ஒரு நிறுவனம் செய்ததைப் பெண்கள் ஆட்டத்துக்கு ஒரு பத்திரிகையாளரும் கல்லூரி அலுவலகங்களின் கோப்புகளும் செய்தன. அந்த உழைப்பின் மீதுதான் பின்னால் வந்த எல்லாப் பதிவேடும் நிற்கிறது.

அதுவரை பெண்கள் விளையாட்டை எட்டிப் பார்க்காத என்.சி.ஏ.ஏ., ஒன்பதாம் தலைப்புக்குப் பிறகு தானும் பெண்கள் போட்டிகளை நடத்த முடிவு செய்தது. 1982 மார்ச் 28 அன்று ஒரே நாளில் இரண்டு தேசிய இறுதி ஆட்டங்கள் நடந்தன. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் லூயிசியானா டெக், செய்னி ஸ்டேட்டை 76-62 என்று வென்று என்.சி.ஏ.ஏ. பட்டம் பெற்றது. பிலடெல்ஃபியாவின் பலெஸ்ட்ரா அரங்கில் ரட்கர்ஸ், டெக்ஸஸை 83-77 என்று வென்று ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசிப் பட்டத்தைப் பெற்றது. அச்சங்கம் தொடுத்த ஏகபோகத் தடைச் சட்ட வழக்கு மேல்முறையீட்டிலும் 1984-இல் தோற்றது. அதன் ஆவணங்கள் மேரிலாந்து பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. புதிய நிர்வாகம் தன் புள்ளிவிவரக் கணக்கை 1981-82-இலிருந்து தொடங்கியது.

இதை நியாயப்படுத்தும் முதல் வாதம் அதிகார வரம்பு பற்றியது: ஒரு சங்கம் தான் நடத்தாத போட்டிகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது சரிதான். ஆனால் அதே சங்கம் பயிற்சியாளர்களின் வெற்றிகளை எண்ணும்போது இந்த வரம்பைக் கடைப்பிடிக்கவில்லை. டென்னசியின் பாட் சம்மிட்டின் 1,098 வெற்றிகள் 1974-75 பருவத்திலிருந்து எண்ணப்படுகின்றன. அவற்றில் முதல் சில ஆண்டுகள் முழுக்க ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலம். வான்டெர்வீர் ஐடஹோவில் பெற்ற 42 வெற்றிகளும் அப்படியே. அந்த 42-ஐ மட்டும் கழித்தால்கூட 2024 ஜனவரியில் எந்தச் சாதனையும் முறியடிக்கப்பட்டிருக்காது. ஓர் ஆட்டத்தின் வெற்றி பயிற்சியாளர் கணக்கில் செல்லுமானால், அந்த வெற்றியை ஈட்டிக்கொடுத்த புள்ளிகள் ஆட்டக்காரர் கணக்கில் எப்படிச் செல்லாமல் போகும்? மாவட்டம் பிரிக்கப்பட்டுப் புதிய சார்பதிவாளர் அலுவலகம் திறந்தால், பழைய அலுவலகத்தில் பதிந்த பத்திரம் செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. ஆடியவை அதே பல்கலைக்கழகங்கள், அதே அரங்குகள். பல இடங்களில் அதே பயிற்சியாளர்களும்கூட. மாறியது சங்கத்தின் பெயர்.

இரண்டாவது வாதம் வலுவானது, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியது. ஆட்டமே வேறு, ஆகவே ஒப்பிட முடியாது என்கிறது அது. வுட்டர்டு ஆடிய காலத்தில் மூன்று புள்ளிக் கோடு இல்லை. பந்தும் ஆண்கள் ஆடும் பெரிய பந்து. வேறுபாடு உண்மை. ஆனால் இந்த இரண்டு மாற்றங்களும் 1981-இல் நிகழவில்லை. சிறிய பந்து 1984-85-இல் வந்தது, மூன்று புள்ளிக் கோடு 1987-88-இல். அதற்குப் பின் 2015-16-இல் இரண்டு பாதி ஆட்டம் நான்கு கால்பகுதிகளானது. 2021-22-இல் கோடு பின்னுக்குத் தள்ளப்பட்டது. பெரிய பந்தோடும் கோடில்லாமலும் ஆடிய 1983-இன் புள்ளிகளை ஒரே பட்டியலில் வைத்துக்கொண்டு 1980-இன் புள்ளிகளை ஒப்பீட்டுக் காரணம் சொல்லி விலக்க இயலாது. விதி மாற்றம் நிகழ்ந்த இடங்களில் எங்கும் கோடு கிழிக்காமல், சங்கம் மாறிய இடத்தில் மட்டும் கிழித்திருக்கிறார்கள். அதேவேளை, ஒப்பீட்டு வாதத்தை எதிர்த்திசையில் இழுப்போரோடும் எனக்கு உடன்பாடில்லை. கிளார்க் தம் நான்கு ஆண்டுகளில் 3,951 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 548 மூன்று புள்ளி எறிதல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியைக் கழித்தால் 3,403 வருகிறது, எனவே வுட்டர்டே முதல்வர் என்று கணக்குப் போடுவது எளிது. இருவரும் ஆடியது தலா 139 ஆட்டங்கள் என்பதால் இந்தக் கணக்குக்குக் கவர்ச்சியும் கூடுகிறது. ஆனால் கோடே இல்லாதிருந்தால் கிளார்க் அவ்வளவு தொலைவிலிருந்து எறிந்திருக்க மாட்டார், தடுப்பாட்டமும் அவரை வேறு விதமாக மறித்திருக்கும். விதி ஆட்டத்தை வடிவமைக்கிறது. வடிவம் மாறிய பின் கழித்தலால் பழைய ஆட்டத்தை மீட்க முடியாது. பதிவேடு செய்யக்கூடியது, இரண்டு எண்களையும் அவற்றின் விதிச்சூழலோடு பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான்.

மூன்றாவது வாதம் நம்பகம் பற்றியது. அக்காலக் கணக்குகள் உள்ளூர் அணியின் மாணவர்களே எழுதியவை. எறிதல் முயற்சிகளும் ரீபவுண்டுகளும் எல்லா ஊரிலும் ஒரே கவனத்தோடு குறிக்கப்படவில்லை. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் புள்ளிக்கணக்கும் ரீபவுண்டும் ஒரே தரத்தவை அல்ல. புள்ளிகளின் கூட்டுத்தொகை அணியின் இறுதி எண்ணிக்கையோடு பொருந்தியாக வேண்டும். அந்த இறுதி எண்ணிக்கை இரு அணிகளின் குறிப்பேட்டிலும் மறுநாள் செய்தித்தாளிலும் இருக்கும். அசிஸ்டுக்கு அப்படிப்பட்ட சரிபார்ப்பு இல்லை, அது குறிப்பவரின் தீர்ப்பு. எனவே மேயர்ஸின் நான்கு இலக்கங்களை ஏற்கும்போது 20 என்பதைவிட 10 அசிஸ்டுகள் என்பதற்குச் சற்று நெகிழ்வான பிழை வரம்பு தேவைப்படலாம். அதற்காக முழு ஆட்டத்தையும் தள்ள வேண்டியதில்லை. சான்றின் தரத்தைப் பிரித்துப் பார்ப்பது வரலாற்றாசிரியரின் அன்றாட வேலை.

கறாரான சோதனை பழைய எண்களுக்கு எப்போதும் சாதகமாகவே முடியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பேர்ல் மூரின் கணக்கு இதற்குச் சரியான சான்று. தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மேரியன் கல்லூரிக்காக ஆடிய அவருடைய மொத்தம் 4,061 என்றே பல இடங்களிலும் குறிக்கப்படுகிறது. கிளார்க்கின் 3,951-ஐவிட அதிகம். ஆனால் அதில் 177 புள்ளிகள் அவர் அதற்குமுன் ஆடிய ஆண்டர்சன் ஜூனியர் கல்லூரியில் எடுத்தவை. நான்காண்டுக் கல்லூரியில் மட்டும் எடுத்தவை 3,884. மேலும் அவர் ஆடியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் சிறு கல்லூரிப் பிரிவில். வுட்டர்டு ஆடியது பெரிய கல்லூரிகளோடு. இந்த மூன்று விவரங்களையும் சேர்த்துச் சொல்லும் பதிவேட்டில் மூருக்கு உரிய மதிப்பு குறையாது, கூடவே செய்யும். ஏனென்றால் அப்போதுதான் அந்த எண் கேள்விக்கு நிற்கும். டெக்ஸஸின் வேலண்ட் பாப்டிஸ்ட் கல்லூரி 1953 முதல் 1958 வரை தொடர்ந்து 131 ஆட்டங்களை வென்றதையும் இப்படியே அணுக வேண்டும். கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2017-இல் 111 ஆட்டங்களோடு நின்றபோது அதற்கு மேல் ஒன்று உண்டு என்பது அதிகம் பேசப்படவில்லை. வேலண்ட் ஆடியது பெரும்பாலும் அமெச்சூர் சங்கப் போட்டிகளில், நிறுவன அணிகளோடும் மோதி, பழைய அறுவர் விதியில். அதை 111-க்கு மேல் ஒரே வரிசையில் வைப்பதைவிடத் தனி அட்டவணையில், விதியும் எதிரணிகளும் விளங்கும்படி வைப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

ஆகவே வேண்டியது மூன்று அடுக்குள்ள ஒரு பதிவேடு. 1971 முதல் 1982 வரையிலான ஐவர் ஆட்டத்தின் புள்ளிகள், பிரிவுக் குறிப்போடு, இன்றைய பட்டியலில் நேரடியாகச் சேர வேண்டும். ரீபவுண்டு, அசிஸ்ட் போன்றவை மூல ஆவணம் கிடைத்த ஆட்டங்களுக்கு மட்டும், கிடைத்த ஆட்டங்களின் எண்ணிக்கையைக் காட்டி இடம்பெற வேண்டும். அறுவர் ஆட்டக் காலத்துக்குத் தனித் தொகுப்பு. அதில் முன்களத்தினரின் புள்ளிகளோடு தடுப்பாளர்களின் பெயர்களும், ஆடிய ஆட்டங்களும், அவர்கள் எதிர்கொண்ட அணிகள் அந்தந்த நாளில் எடுத்த மொத்தப் புள்ளிகளும் வர வேண்டும். தடுப்பாளரின் திறமைக்கு அந்தப் படிவங்கள் விட்டுச்சென்ற ஒரே அளவு எதிரணியின் அந்த மொத்தம்தான். 1972 இறுதியில் ஆடியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். மேரிலாந்தில் உள்ள சங்க ஆவணங்களோடு அந்தந்தக் கல்லூரியின் அலமாரியில் கிடக்கும் ஸ்கோர் புக்குகளையும் ஒப்புநோக்கி, ஒரு பக்கத்தில் தெளிவில்லாத குறியை இன்னாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.