கோபம் விற்பனைக்கு!

வேலை போகப்போகிற செய்தி வாசிப்பாளர், 'அடுத்த வாரம் இதே நிகழ்ச்சியில் தற்கொலை செய்துகொள்வேன்' என்று லைவாக அறிவித்தால் என்ன ஆகும்? ரேட்டிங் எகிறும்!

1976-ல் சிட்னி லூமெட் இயக்கத்தில் வந்த 'நெட்வொர்க்' படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எழுதியவர் பேடி சாயெஃப்ஸ்கி. 'ஜன்னலைத் திறந்து உங்க கோபத்தைக் கத்துங்க' என்கிறார் ஹோவர்ட் பீல். ஊரே கத்துகிறது. டி.வி.யையே திட்டுகிறார். திட்டட்டுமே, கல்லா நிறைகிறதே!

ஒருநாள், சேனலின் தாய் நிறுவனம் சவுதிப் பணத்துக்குக் கைமாறப்போவதை பீல் போட்டு உடைக்கிறார். தடுக்கச் சொல்லி வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிகின்றன. அப்போதுதான் முதலாளிக்குச் சுருக்கென்கிறது! பீலைக் கூப்பிட்டு, 'நாடாவது, மக்களாவது... எல்லாம் பிசினஸ்' என்று பாடம் எடுக்கிறார். மந்திரித்து விட்டவர் மாதிரி பீல் அதையே டி.வி.யில் ஒப்பிக்க, ரேட்டிங் சரிகிறது. முதலாளியோ அவரை நீக்க மறுக்கிறார். அதிகாரிகள் கூடிப் பேசி, நிகழ்ச்சியிலேயே ஆள் வைத்துச் சுட்டுவிடுகிறார்கள்!

படத்துக்கு 4 ஆஸ்கர். பீலாக வாழ்ந்த பீட்டர் ஃபின்ச், விருதுக்கு முன்பே 1977 ஜனவரியில் இறந்துபோனார்.

காமர்ஸ் படித்தவன் கணக்கு இது: அங்கே சரக்கு நிகழ்ச்சியல்ல, பார்க்கிறவர்கள்! இன்று ராத்திரி டி.வி.யில் யாராவது உங்களுக்குக் கோபத்தைக் கிளப்பினால், லாபம் யாருக்கு என்று கொஞ்சம் யோசியுங்களேன்!