பலாலி: ஒரு ஓடுபாதையின் அமையச் செலவு

உயர்தரத்தில் பொருளியல் படித்த எல்லோருக்கும் "அமையச் செலவு" ஞாபகம் இருக்கும். ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பின் பெறுமதி. வணிகம் படிக்கும் எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே பலாலி விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. போர் முடிந்த பிறகு அது பயணிகளுக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறந்தது. நேரே போகவில்லை, இங்கே இறங்கித்தான் போனது. அன்று இந்த நிலையத்தைக் காங்கேசன்துறை என்றே அழைத்தார்கள். நாடு சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது!

பிறகு யுத்தம் வந்தது. பலாலி படைத்தளமானது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சுற்றியிருந்த ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாகின. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் திரும்பி வரவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டை விட்டு வெளியேற விமானமும் கப்பலும்தான் வழி. இரண்டுக்கும் படையினரின் அனுமதி வேண்டும்.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைச் சேவை 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பர் 12ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் அளவில் போகக்கூடிய சென்னைக்கு, அதுவரை 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புப் பக்கம் போய், பிறகு வடக்கே பறந்தோம். இந்த வீண் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரக்கு விடயத்தில் பிரச்சினை இன்னும் தீரவில்லை. சென்னைச் சேவை தொடங்கியது 70 பேர் அளவில் ஏறக்கூடிய ஏரீஆர் விமானத்தில். பயணிகளின் பொதிகளை ஏற்றிய பிறகு அப்படியான விமானத்தில் சரக்குக்கு மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். எங்கள் நண்டும் இறாலும் வெளிநாடு போக முதலில் லொறியில் கட்டுநாயக்காவுக்குப் போகவேண்டும். பழுதாகிற பொருளுக்கு நேரம்தான் விலை.

இனி அமையச் செலவுக்கு வருவோம். என் அம்மம்மா வசாவிளானில் பிறந்தவ. வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் காணி. 1990இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டதாகச் சொல்லுவா. 2013இல் அந்தப் பகுதியில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஓடுபாதைக்கு மட்டுமல்ல, படைத் தலைமையகத்துக்கும் சேர்த்துத்தான். உலகத்தின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்றான இலண்டன் ஹீத்ரோவின் பரப்பே ஏறக்குறைய 3,000 ஏக்கர்! 2015இலிருந்து காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டு வருகின்றன. எல்லாம் விடப்படவில்லை. அம்மம்மாவின் காணியும் இன்னும் உள்ளேதான்.

விமான நிலையம் வேண்டும். எங்கள் பொருளாதாரத்துக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் அதற்கு எவ்வளவு காணி உண்மையில் தேவை என்று அளந்து, அதற்குரிய பெறுமதியைச் சொந்தக்காரருக்குக் கொடுத்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஐந்தொகையில் ஓடுபாதை சொத்தாக இருக்கும். அம்மம்மா முப்பத்தைந்து வருடமாகப் பயிர் செய்யாத வெங்காயம் அதில் எங்கேயும் இருக்காது.

சென்னை விமானம் தலைக்கு மேலே போகும்போது அம்மம்மா அண்ணாந்து பார்ப்பா. "எங்கட காணிக்கு மேலாலதான் போகுது" என்பா. கோபமாகச் சொல்லுவதில்லை. அதுதான் எனக்குத் தாங்காது.