விடுதியான வீடு

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் சாலையில் திருமயம் கோட்டையைப் பார்க்காமல் எவரும் கடந்துவிட முடியாது. கிழவன் சேதுபதி என்று அறியப்பட்ட இரகுநாத சேதுபதி 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை அது. அதற்கு அருகே, ராமச்சந்திரபுரம் என்ற மறுபெயரும் உடைய கடியாபட்டி என்னும் நகரத்தார் ஊர் இருக்கிறது. அங்குள்ள சிதம்பர விலாஸ் என்ற வீடு நூறாண்டுக்கும் மேற்பட்டது. இன்று அது பாரம்பரிய விடுதி. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டினரும் வாடகை கொடுத்து அங்கே தங்குகிறார்கள். காலையில் சித்தன்னவாசலோ குடுமியான்மலையோ பார்த்துவிட்டு, மதியம் வாழையிலையில் உண்டு, மாலையில் முகப்புத் தூண்களைப் படமெடுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளை 'அரண்மனை' என்று குறிப்பிடுவது பயண எழுத்தில் வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் வசதியானது; ஆனால் உண்மையை மறைப்பது. அரசர் வாழ்ந்த இடமல்ல இது. வட்டித் தொழில் செய்த வணிகக் குடும்பம் ஒன்றின் வீடு. இந்த வீட்டில் ஓர் இரவு தங்குபவர் எதற்குள் தங்குகிறார் என்பதை அறிய வேண்டுமானால், நகரத்தார் வாழ்வில் தங்குமிடம் என்பது மூன்று வகையாக இருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அவை விடுதி, கிட்டங்கி, வீடு. ஒன்று அறத்துக்கு, ஒன்று தொழிலுக்கு, ஒன்று குடும்பத்துக்கு. மூன்றும் வேறுவேறு விதிகளால் ஆனவை. இன்றைய பாரம்பரிய விடுதி இம்மூன்றில் எதுவும் அல்ல. மூன்றின் பெயரையும் சிறிது சிறிது எடுத்துக்கொண்டு பிறந்த நான்காவது வகை.

முதலில் ஊர்களைப் பற்றி. நகரத்தார் ஊர்கள் 96 என்பது மரபு. இன்று எழுபதுக்கும் சற்று மேற்பட்ட ஊர்கள் எஞ்சியுள்ளன. அவை இன்று சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. இராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு போன்றவை புதுக்கோட்டைப் பக்கத்தவை. இந்தப் பிரிவினை இன்று வெறும் மாவட்ட எல்லை; 1948 வரை அது அரச எல்லை. காரைக்குடியும் கானாடுகாத்தானும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தன. கடியாபட்டியும் இராயவரமும் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தன. அந்தச் சமஸ்தானத்தில் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு புழங்கியது. 1948 மார்ச் மாதம் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. சில கல் தொலைவில் இருந்த இரண்டு ஊர்கள் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தன என்றாலும், கல்யாணமும் கோயிலும் கணக்கும் அவற்றை ஒரே நாடாகவே வைத்திருந்தன. செட்டிநாடு என்பது அரசு வரைந்த எல்லையல்ல; உறவு வரைந்த எல்லை.

இந்த வறண்ட நிலத்தில் இவ்வளவு பெரிய வீடுகள் எப்படி எழுந்தன? விடை கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி கழிமுகத்தின் சதுப்புக்காடுகள் நெல்வயல்களாயின. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய உழவனுக்கு முன்பணம் தேவைப்பட்டது. ஆங்கில வங்கிகள் அவனுக்குக் கடன் தரத் துணியவில்லை. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் நின்றனர். 1929–30இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கித் தொழில் குழுவின் மதிப்பீட்டின்படி, பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய். இலங்கை, மலாயா, சுமத்ரா, சைகோன் எனப் பிற இடங்களிலும் கடைகள் இருந்தன.

அந்தக் கடைகளை நடத்தியவர்கள் எங்கே தங்கினார்கள்? கிட்டங்கியில். ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் நீளவாக்கில் அமைந்த கட்டடங்கள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பணியடுக்கு. பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. அதுவரை ஊர் திரும்புவதில்லை; மனைவி மக்கள் உடன் வருவதில்லை. இந்த வாழ்வைத் தமிழ்ப் புனைவில் அறிய விரும்புவோர் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்களையே நாட வேண்டும். சிங்கம்புணரியில் பிறந்து மேடானில் செட்டியார் கடையில் வேலை பார்த்தவர் அவர்.

பர்மாத் தேக்குத் தூண்களையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியக் கண்ணாடியையும் வாங்கி ஊருக்கு அனுப்பியவர்கள், தாங்கள் மட்டும் கிட்டங்கித் தரையில் பாய் விரித்துப் படுத்தனர். செட்டிநாட்டு வீட்டின் அழகைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாயையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி வீடு. ஒரு தெருவில் முகப்புத் தொடங்கிப் பின் தெருவில் முடிவது அதன் இயல்பு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். தலைவாசலில் நின்றால் கடைசிக் கதவு வரை கண் நேராகச் செல்லும். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்கள் இன்றும் பளபளக்கின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்த்தெடுக்கும் ஆத்தங்குடிக் கல் பல வீடுகளின் தரையில் உண்டு. வளவின் நான்கு பக்க ஓடுகளும் மழைநீரை உள்முற்றத்துக்கே இறக்கும். முற்றத்தில் அண்டாக்களை வைத்துப் பிடிப்பார்கள். ஆறில்லாத ஊர்களின் கட்டடக்கலை இது. ஆடம்பரத்துக்குள் ஒளிந்திருக்கும் சிக்கனம்.

வளவைச் சுற்றியுள்ள அறைகளை 'வீடு' என்றே சொல்வார்கள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் அவற்றில் பங்கு உண்டு. கல்யாணமான சிறிது காலத்தில் அந்தத் தம்பதியை 'வேறு வைப்பது' மரபு. அதாவது, ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே தனி அடுப்பு, தனிக் கணக்கு. தந்தை ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார். அதற்குள் குடித்தனம் நடத்தப் பழக வேண்டும். நகரத்தார் தனிக்குடும்பத்துக்குப் புள்ளி என்று பெயர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கூட்டுக் குடும்பம். உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பேரேடு. வட்டித் தொழிலின் ஒழுங்கு அடுப்படி வரை நீண்டிருந்தது என்று இதைச் சொல்லலாம்.

இந்த அறைகளில் படுக்கை கிடையாது. நகை, பாத்திரம், மங்குச் சாமான், பெண்ணுக்கு வந்த சீர் ஆகியவையே அவற்றை நிறைத்திருந்தன. வாழ்க்கை நடந்தது வெளியே, பட்டாலையிலும் திண்ணையிலும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்திலும்தான். அந்த வாழ்க்கையை நடத்தியவர்கள் பெண்கள். ஆண்கள் மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்திருக்க, பிள்ளைப்பேறும் மழைக்காலத்துக்கு வேண்டிய சேமிப்பும் ஊர்க்கோயில் முறைமையும் ஆச்சிமார் கையில் இருந்தன. செட்டியார் மாளிகை என்று நாம் சொல்வது, வாழ்ந்த நாட்களின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், ஆச்சியின் வீடே.

மூன்றாவது வகை, விடுதி. நகரத்தார் தாம் வழிபடச் சென்ற தலங்களில் எல்லாம் தங்குமிடம் கட்டினர். இராமேசுவரத்திலும் பழநியிலும் நகர விடுதிகள் உண்டு. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863இல் நிறுவப்பட்டது. அங்கிருந்து விசுவநாதர் கோயிலுக்கு நாள்தோறும் பூசைப் பொருள் கொண்டுசெல்லும் 'சம்போ' ஊர்வலம் இன்றும் பேசப்படுவது. இவ்விடங்களில் தங்குவது வணிகமாகக் கருதப்படவில்லை. கடனுக்கு வட்டி வாங்கிய சமூகம், கூரைக்குக் கூலி வாங்கவில்லை; லாபத்தில் ஒரு பகுதியை மகமை என்று ஒதுக்கி அதிலிருந்து அறம் நடத்தியது.

வீட்டுக்கு வந்த விருந்தினரும் அப்படியே. 1919இல் கடையத்தில் வறுமையில் இருந்த பாரதியார், வை.சு. சண்முகம் செட்டியாரின் அழைப்பில் கானாடுகாத்தான் வந்து தங்கினார். அவ்வாண்டு காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் சென்றார். கடியாபட்டியிலிருந்து வெகுதூரமில்லாத அந்த ஊரில், தமிழின் பெருங்கவி ஒருவர் வாடகையில்லாமல் தங்கினார் என்பது செட்டிநாட்டு விருந்தோம்பலின் வரலாற்றில் சேர வேண்டிய பக்கம்.

வீழ்ச்சி வேகமாக வந்தது. 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதாரச் சரிவில் நெல்விலை விழுந்தது. உழவரால் கடன் கட்ட இயலவில்லை. அடகு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்தது 6 விழுக்காடு நிலம். 1938இல் அது 25 விழுக்காடு. நிலத்தை அவர்கள் விரும்பிக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனால் நிலம் இழந்த பர்மிய உழவனுக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன்? அவன் கண்ணில் பட்டது அந்நியன் கையில் தன் வயல். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினர். வழியில் இறந்தவர் பலர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது. 1963இல் வங்கிகளும் தேசியமயமாயின. பேரேடுகள் இருந்தன, பற்று எழுதியிருந்தது, வரவு வரவேயில்லை.

வருமானம் நின்றபின் எஞ்சியது வீடு. அதற்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் வெளிநாட்டில். ஒவ்வொருவர் அறையிலும் ஒரு பூட்டு. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீட்டில் ஓடு மாற்றப் பணம் போட எல்லோரும் ஒருசேர இசைய வேண்டும். இசையாதபோது கூரை ஒழுகும். ஒழுகிய கூரையின் கீழ்த் தேக்கு உளுக்கும். பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் நிலைகளும் தூண்களும் மங்குச் சாமான்களும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் வழியாக நகரத்து உணவகங்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போயின. ஒரு வீடு இடிபடும்போது சத்தம் கேட்கும். துண்டு துண்டாக விற்கப்படும்போது கேட்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் விடுதிகள் வந்தன. காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய 'விசாலம்', கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் சீர்செய்த 'சாரதா விலாஸ்', புதுக்கோட்டை மாவட்டத்தில் சிதம்பர விலாஸ் என்று வரிசை நீள்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும் மரவேலை தெரிந்த ஆசாரிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்ப்பவருக்கும் மீண்டும் வேலை கிடைத்தது. இது சிறிய நன்மை அல்ல.

எனினும் விலை உண்டு. படுக்கையறையே இல்லாத வீட்டில் படுக்கையறைகள் உண்டாக்கப்படுகின்றன. சீர்ச் சாமான் இருந்த அறைக்குள் கட்டிலும் குளியலறையும் வருகின்றன. பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிய தாழ்வாரம் இப்போது நடைவழி. வாழ்க்கை வெளியேயும் பொருள் உள்ளேயும் இருந்த வீட்டில், இன்று பொருள் காட்சிக்கு வெளியேயும் வாழ்க்கை உள்ளேயும் மாறியிருக்கிறது. வீடு பிழைத்திருக்கிறது, தலைகீழாகப் பிழைத்திருக்கிறது.

இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. பூட்டிய வீட்டைவிட வாடகைக்குத் திறந்த வீடு மேல் என்பதே என் துணிபு. ஆனால் கட்டடத்தைக் காப்பவர்கள் கதையையும் காக்கக் கடமைப்பட்டவர்கள். தேக்குத் தூணைக் காட்டும்போது ஐராவதி உழவனின் அடகுச்சீட்டையும், முகப்புச் சரவிளக்கைக் காட்டும்போது கிட்டங்கிப் பாயையும், ராஜாக்கள் என்று பேசும்போது அடுப்படியில் கணக்கெழுதிய ஆச்சியையும் சொல்ல வேண்டும்.

தங்கப் போகிற வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கடியாபட்டியோடு நின்றுவிடாமல் இராயவரத்துக்கும் செல்லுங்கள். 'சக்தி' இதழையும் பதிப்பகத்தையும் நடத்திய வை. கோவிந்தனும் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் பிறந்த ஊர் அது. அத்தெருக்களில் விடுதியாகாத, இன்னும் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் திண்ணைகள் இருக்கின்றன. திண்ணை என்பது வழிப்போக்கன் கேட்காமலே உட்காரலாம் என்று கட்டப்பட்டது. அதற்கு வாடகை இல்லை.