தங்க மூக்கிலிருந்து டைட்டானியப் பல் வரை

தாடையில் கட்டி வளர்ந்து எலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேரும்போது, நோயாளியின் காலெலும்பைக் கொண்டே தாடையை மீண்டும் அமைத்து, தக்கவர்களுக்கு அதே அறுவை சிகிச்சையில் செயற்கைப் பற்களுக்கான வேர்களையும் பதிக்கும் முறை இன்று உள்ளது. இதைக் கேட்டதும் நம் குடும்பங்களில் சிலர் தயங்குகின்றனர். படைப்பை மாற்றுவது ஆகாதா? உடலுக்குள் உலோகம் இருக்கத் தொழுகை கூடுமா? இக்கேள்விகளின் வரலாறு மிகப் பழையது.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில், குலாப் போரில், தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்கு செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். ஆண்களுக்குத் தங்கம் அணிவது தடுக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி கிடைத்தது. பற்களைத் தங்கத்தால் கட்டுவது பற்றிய பாடத்தில்தான் இமாம் திர்மிதீ (ரஹ்) இந்த ஹதீஸைப் பதிவு செய்துள்ளார்கள். மூக்குக்குக் கிடைத்த சலுகை பல்லுக்கும் உண்டு என்பது அத்தலைப்பிலேயே விளங்குகிறது.

சில நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்பெயினின் குர்துபாவில் அதே உண்மையை மருத்துவர் ஒருவர் தம் தொழிலில் கண்டார். அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ (இறப்பு 1013), தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில், ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையைப் படிப்படியாக விளக்குகிறார். வெள்ளி நாளடைவில் பச்சை நிறமாகிக் கெடும். தங்கம் கெடாது என்பது அவர் கூறும் காரணம். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கிப் பொருத்தலாம் என்றும் எழுதியுள்ளார்.

மருத்துவர்கள் எலும்பைக் கையாண்டதால் ஃபிக்ஹு அறிஞர்களும் அதைப் பேசினர். முறிந்த எலும்பைச் சேர்க்கத் தூய்மையான பொருள் கிடைக்காமல் நஜீஸான எலும்பைப் பயன்படுத்தியவர் மன்னிக்கப்பட்டவர் என்பது, நம் மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தரும் சட்டம். அதுவும் தொழுகையின் நிபந்தனைகளைப் பேசும் இடத்தில் வருகிறது.

தங்கத்தின் இடத்தை இன்று டைட்டானியம் பிடித்துள்ளது. ஸ்வீடனைச் சேர்ந்த பிரேனமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியம் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதை 1950களில் கவனித்தார். 1965இல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பதித்தார். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்தமைக்கும் முறையை 1989இல் அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ வெளியிட்டார். குழாய்கள் கழுத்தின் இரத்தக் குழாய்களோடு இணைக்கப்படுவதால் எலும்பு உயிரோடு இருக்கிறது. முன்பெல்லாம் வேர் பதித்தபின் பல் பொருத்த மாதக்கணக்கில் காத்திருப்பர். வேர் உறுதியாகப் பிடித்திருந்தால் இப்போது உடனேயே தற்காலிகப் பல்லும் பொருத்துகின்றனர்.

சொந்த எலும்பு என்பதால் இங்கே நஜீஸ் பற்றிய கேள்விக்கே இடமில்லை. ஆனால் சிறிய பள்ளங்களை நிரப்பச் சில மருத்துவமனைகளில் மாட்டெலும்புத் தூளோ பன்றியிலிருந்து பெற்ற பொருளோ பயன்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் எலும்பு நஜீஸ். ஹனஃபீ மத்ஹபில் பன்றி தவிர மற்றவற்றின் எலும்பு தூய்மையானது. எனவே எத்தூள் வைக்கப்படும், அதற்கு மாற்று உண்டா என்பதை அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டு, அந்த விடையோடு தம் ஆலிமை அணுக வேண்டும்.