ஒரே கருவி, நான்கு வடிவம்: கைப்பேசி கணினியாகிய வரலாறு (2007–2025)

முன்னுரை

கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி, மேசைக்கணினி ஆகிய நான்கின் வேலையையும் ஒரே கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சிகள் பல முறை தோற்றிருக்கின்றன. கைப்பேசிச் சிப்புகளுக்கு வலிமை போதாததே காரணம் என்று கருதுவோர் உண்டு. பெருந்தடை மென்பொருளில்தான் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துணைக்கருவிகளின் காலம்

2007 மே மாதம் பாம் நிறுவனத்தின் ஜெஃப் ஹாக்கின்ஸ் ‘ஃபோலியோ’வை அறிமுகப்படுத்தினார். கைப்பேசியின் மின்னஞ்சலைப் பெரிய திரையில் படிக்கவும் எழுதவும் உதவும் துணைக்கருவி அது. கடைக்கு வருமுன்பே, செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

2011இல் மோட்டோரோலாவின் ‘ஏட்ரிக்ஸ்’ ஒரு படி முன்னேறியது. அதற்கான மடிக்கணினிக் கூட்டில் திரை, விசைப்பலகை, மின்கலம் ஆகியவை இருந்தன; கணிக்கும் வேலை முழுவதும் பின்னால் செருகிய கைப்பேசியுடையது. ஆனால் கைப்பேசியில் ஆண்ட்ராய்டும், கூட்டில் லினக்ஸ் சார்ந்த ‘வெப்டாப்’பும் எனப் பயனர் இரண்டு சூழல்களுக்கிடையே அலைய வேண்டியிருந்தது. கூட்டைத் தனியே வாங்க ஏறத்தாழ 500 டாலர் ஆனது. அடுத்த ஆண்டே வெப்டாப் நிறுத்தப்பட்டது. 2012இல் வந்த ஏசஸ் ‘பேட்ஃபோன்’, டேப்லெட்டின் முதுகில் கைப்பேசியைச் செருகி, அதனுடன் விசைப்பலகையையும் இணைக்கும் வழியைக் காட்டியது.

ஒரே இயங்குதளம் என்னும் கனவு

திரைக்கேற்ப உருமாறும் ஒரே இயங்குதளத்தைக் கனோனிக்கல் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் முன்வைத்தார். 2013இல் ‘உபுண்டு எட்ஜ்’ கருவிக்காகப் பொதுமக்களிடம் 3.2 கோடி டாலர் திரட்ட முயன்றபோது, உறுதியளிக்கப்பட்டது ஏறத்தாழ 1.28 கோடி டாலர்தான். 2017 ஏப்ரலில் கனோனிக்கல் இந்த ஒரே இயங்குதள முயற்சியையே கைவிட்டது.

மைக்ரோசாஃப்ட் 2015இல் லூமியா 950 கைப்பேசிகளில் ‘கன்டினியூம்’ வசதியைத் தந்தது. பெரிய திரையில் இணைத்ததும் கணினி போன்ற முகப்பு தோன்றியது. ஆனால் மக்கள் பழகியிருந்த விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடவில்லை. இதற்கெனப் புதிதாக எழுதப்பட்ட செயலிகள் மட்டுமே இயங்கின. பயனர் குறைவென்று செயலிகள் எழுதப்படவில்லை; செயலிகள் இல்லையென்று பயனரும் வரவில்லை.

திருப்பம்

2014இல் வரையறுக்கப்பட்ட யூ.எஸ்.பி. சி இணைப்பு முறை காட்சி, தரவு, மின்சாரம் மூன்றையும் ஒரே வடத்தில் செலுத்த வழிவகுத்தது. 2017இல் கேலக்ஸி எஸ்8உடன் வந்த சாம்சங் ‘டெக்ஸ்’ இதைப் பயன்படுத்திக்கொண்டது. அது புதிய செயலிகளை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. கைப்பேசியில் ஏற்கெனவே இருந்த ஆண்ட்ராய்டு செயலிகளையே தனித்தனிச் சாளரங்களில் திறந்தது. 2018இல் கேலக்ஸி நோட் 9 வந்தபோது, அதுவரை கைப்பேசியைப் பொருத்த வேண்டியிருந்த தனித் தாங்கியும் தேவையற்றதாயிற்று. டெக்ஸை அடித்தளமாகக் கொண்டு ஆண்ட்ராய்டிலேயே மேசைக்கணினி வசதியை அமைப்பதாக 2025இல் கூகுள் அறிவித்தது.

முடிவுரை

ஏட்ரிக்ஸ் இரண்டு சூழல்களைப் பழகச் சொன்னது. கன்டினியூம் புதிய செயலிகளை வேண்டி நின்றது. மக்களிடம் இருந்ததிலிருந்தே தொடங்கிய டெக்ஸ் நிலைத்தது. இனி எஞ்சுவது சமத்துவம் பற்றிய கேள்வி. கைப்பேசி ஒன்றை மட்டுமே வாங்க இயன்றவருக்கே இவ்வசதி மிகத் தேவை. ஆனால் விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றின் யூ.எஸ்.பி. சி துளை வெளித்திரைக்குக் காட்சியை அனுப்புவதில்லை. மலிவு விலைக் கருவிகளிலும் அத்திறனைத் தருவதே தயாரிப்பாளர்கள் அடுத்துச் செய்ய வேண்டிய பணி.