பட்டாளத்துக்காரரும் இருபது சதவீதமும்

எங்க சேத்தூர் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கும், ராஜபாளையம் மில் கேட்டுக்கும் ஆள் வேணும்னா முதல்ல எக்ஸ் சர்வீஸ்மேனைத்தான் தேடுவாங்க. ஆனா உடம்பு கெட்டு பாதியிலேயே அனுப்பப்பட்டவரை யார் கூப்பிடுவா? வலிப்பு உள்ளவரை ராத்திரிக் காவலுக்கு விட முடியாது. கிணத்து மோட்டார் பக்கம் விடவே பயம். அவருக்குக் கதி பென்ஷன்தான். அந்த பென்ஷனோ மெடிக்கல் போர்டு எழுதுற ரெண்டு வரியில தொங்குது.

ஒண்ணு, ஊனம் எத்தனை சதவீதம். இன்னொண்ணு, அது ராணுவ சேவையால வந்ததா, அல்லது சேவையால அதிகமானதா. ராணுவத்தின் 1961ஆம் வருஷ பென்ஷன் விதிகள்படி 20 சதவீதமாவது இருக்கணும், சேவையோடு தொடர்பும் இருக்கணும். முதல் வரி சரியா இருந்து ரெண்டாவது வரியில 'தொடர்பில்லை'ன்னு எழுதிட்டா, ஊனப் பென்ஷன் கிடையாது.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய்க்கு நடந்தது இதுதான். 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் போல வேலை பார்த்தபின் 1994இல் வலிப்பு நோய்னு வெளியே அனுப்பினாங்க. ஊனம் 20 சதவீதம். ஆனா அது அவர் உடம்புவாகு, சேவையோடு சம்பந்தமில்லைன்னு போர்டு எழுதிருச்சு. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி முன்னால ஜெயிச்சு, டிவிஷன் பெஞ்சில் தோத்து, உச்ச நீதிமன்றம் வரை போனார்.

2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 'சேர்க்கும்போது உடம்பைச் சோதிச்சுத்தானே எடுத்தீங்க? அப்ப எந்த நோயும் குறிக்கப்படலைன்னா, பின்னால வந்ததைச் சேவையால வந்ததாத்தான் எடுத்துக்கணும். இல்லைன்னா அதை நிரூபிக்க வேண்டியது அரசு, சிப்பாய் இல்லை' - தீர்ப்பின் சாரம் இதுதான். நாமளும் மாட்டுச் சந்தையில பல்லையும் சுழியையும் பார்த்துத்தானே மாட்டை வாங்குறோம்? பத்து வருஷம் உழுது முடிச்சப்புறம் 'பிறவிக் குறை'ன்னா சந்தையில எவன் ஒத்துக்குவான்?

சதவீதக் கணக்கிலும் மாற்றம் வந்தது. 1996 முதல், உடல்நிலையால வெளியேற்றப்பட்டவருக்கு 50க்குக் கீழே இருந்தா 50ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தா 75ஆகவும், அதுக்கு மேல இருந்தா 100ஆகவும் கணக்கிட்டாங்க. காலம் முடிச்சு ஓய்வு பெற்ற ஊனமுற்றவர்களுக்கும் இது உண்டுன்னு 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் சுக்விந்தர் சிங் வழக்கில், வேலைக்கு லாயக்கில்லைன்னு வெளியே அனுப்பினாலே ஊனம் 20க்கு மேலேன்னுதான் அர்த்தம்னும் சொல்லிருச்சு.

வேலை விஷயத்திலும் இந்த எண் பேசும். சேவையில ஊனமானவருக்கு மத்திய அரசு வேலைகளில் முன்னுரிமை உண்டு. ஊனம் 50 சதவீதத்துக்கு மேல போய், அவரால வேலையே பார்க்க முடியாதுன்னா, குடும்பத்துல ரெண்டு பேர் வரை முன்னுரிமை கேட்கலாம்.

2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குப் புது விதிகள் வந்தாச்சு; ஊருக்கு வர்ற பையன்கள் அதைத் தனியா விசாரிச்சுக்கணும். பழைய ஆட்கள் யாராவது உங்க சொந்தத்துல இருந்தா, டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மெடிக்கல் போர்டு தாளையும் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்க. விருதுநகர் மாதிரி மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு. அங்க போய், சேரும்போது நோய் ஏதாவது எழுதியிருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க.